பழைய கொலை வழக்கைத் தோண்டும் பத்திரிகைக்காரர்: நாவலில் நடப்பது திருப்பதி மலையடிவாரத்தில் நடக்குமா?

வெள்ளிக்கிழமை ராத்திரி. பெங்களூரிலோ வேலூரிலோ திருப்பதி பஸ் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள். கையில் போன், போனில் பாதியில் நிறுத்திய துப்பறியும் நாவல். கதை உங்களுக்குப் பழக்கமானதுதான். ஒரு நாளிதழ் அலுவலகம். அங்கே பெரிதாகப் பெயர் எதுவும் வாங்காத ஓர் ஊழியர். பழைய பேப்பர் கட்டுகளைப் புரட்டும்போது, வருடக்கணக்காக யாரும் பேசாத ஒரு கொலைச் செய்தி அவர் கண்ணில் படுகிறது. முதல் நாள் பெரிய செய்தி, மறுநாள் ஒரு தொடர்ச்சி, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. ஏன்? அவர் தோண்ட ஆரம்பிக்கிறார்.

நீங்கள் கதையை முடிப்பதற்குள் பஸ் சித்தூரைக் கடந்து சந்திரகிரி பக்கம் வந்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே இருட்டாக நிற்பது சேஷாசலம் மலை. 2015 ஏப்ரல் 7 விடியற்காலை இந்த மலையடிவாரத்தில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். சில நாட்கள் எல்லா பத்திரிகைகளிலும் முதல் பக்கம். அப்புறம் உள்பக்கம். அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை நினைவுநாள் செய்தி.

நாவலில் வரும் அந்த ஊழியர் இந்த வழக்கைக் கையில் எடுத்தால் என்ன ஆகும்? அவருக்கு என்னென்ன கிடைக்கும், எது கிடைக்காது? சட்டம் என்ன சொல்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கிடப்பில் போன வழக்கு என்றால் என்ன?

'கோல்ட் கேஸ்' என்று சினிமாவிலும் வெப் சீரிஸிலும் கேட்டிருப்பீர்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. விசாரணை நடக்கிறது, குற்றப்பத்திரிகை போட்டாச்சு, இறுதி அறிக்கை கொடுத்து முடித்தாச்சு. காவல் துறையின் கணக்கில் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் ஒரு வழக்கு இருக்கும்.

நாம் பேச்சுவழக்கில் 'கிடப்பில் கிடக்கிறது' என்போமே, அது நான்காவது நிலை. காகிதத்தில் வழக்கு உயிரோடு இருக்கும், யாரும் அதைத் தொட மாட்டார்கள். துப்பு கிடைக்காததால் மட்டும் ஒரு வழக்கு இந்த நிலைக்கு வருவதில்லை. விசாரிக்க வேண்டியவர்களே குற்றம் சாட்டப்பட்டவர்களாக இருந்தாலும், சாட்சிகள் ஏழைகளாகவும் வேறு மாநிலத்தவர்களாகவும் இருந்தாலும் இது நடக்கும். சேஷாசலம் வழக்கில் இரண்டுமே இருக்கின்றன.

கதைகளுக்கு ஏன் பத்திரிகைக்காரர் தேவைப்படுகிறார்?

போலீஸுக்கு ஆணை வேண்டும், வக்கீலுக்குக் கட்சிக்காரர் வேண்டும். பத்திரிகைக்காரருக்கு ஒரு கேள்வி இருந்தால் போதும். இன்னொரு வசதியும் உண்டு. அவர் வேலை பார்க்கும் கட்டடத்திலேயே பழைய செய்திகளும் பழைய புகைப்படங்களும் இருக்கின்றன.

ஸ்வீடன் எழுத்தாளர் ஸ்டீக் லார்சன் எழுதி, அவர் இறந்த பிறகு 2005-இல் வெளியான நாவல் உலகம் முழுக்க 'தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ' என்ற பெயரில் தெரியும். 1966-இல் காணாமல் போன ஒரு பெண்ணைத் தேடும் பத்திரிகையாளர்தான் அதன் நாயகன். உள்ளூர்ப் பத்திரிகையின் படச் சேமிப்பில் கிடந்த பழைய புகைப்படங்கள் அவருக்கு முக்கியமான துப்பைக் கொடுக்கும்.

இது கதை. நிஜத்தில்?

அமெரிக்காவின் 'சான் பிரான்சிஸ்கோ க்ரானிக்கிள்' நாளிதழில் கார்ட்டூன் வரைந்துகொண்டிருந்தவர் ராபர்ட் கிரேஸ்மித். 1969-இல் 'ஸோடியாக்' என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒரு கொலைகாரன் அந்த அலுவலகத்துக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தான். குற்றச் செய்தி கிரேஸ்மித்தின் வேலையே இல்லை. ஆனாலும் வருடக்கணக்கில் அதன் பின்னால் போய் 1986-இல் புத்தகம் எழுதினார். 2007-இல் அது சினிமாவாகவும் வந்தது. ஆனால் வழக்கு இன்னும் தீரவில்லை. அவர் சந்தேகப்பட்ட மனிதர் மீது ஒருபோதும் குற்றம் சாட்டப்படவில்லை, 1992-இல் அவர் இறந்தும் போனார்.

ஜெரி மிட்செல் கதை வேறு. மிசிசிப்பி மாநிலத்தின் 'கிளாரியன் லெட்ஜர்' நாளிதழில் நீதிமன்றச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தவர். கறுப்பின உரிமைத் தலைவர் மெட்கர் எவர்ஸ் 1963-இல் சுட்டுக்கொல்லப்பட்டார். 1964-இல் நடந்த இரண்டு விசாரணைகளிலும் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டுக்குப் போய்விட்டார். 1989-இல் மிட்செல் கையில் ஓர் அரசு அமைப்பின் ரகசியக் கோப்புகள் கிடைத்தன. ஜூரியில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து அந்த அமைப்பே குற்றவாளித் தரப்புக்கு உதவியிருந்தது. அதை அவர் எழுதினார். வழக்கு மறுபடி திறக்கப்பட்டது. கொலை நடந்து 31-ஆவது ஆண்டில், 1994 பிப்ரவரியில் தண்டனை கிடைத்தது.

இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? கிரேஸ்மித் 'யார் செய்தது' என்று தேடினார். மிட்செல்லுக்கு அந்தக் கேள்வியே இல்லை, பெயர் ஊருக்கே தெரியும். 'ஏன் தண்டனை கிடைக்கவில்லை' என்பதுதான் அவர் கேள்வி. அந்தக் கேள்விக்கான பதில் காகிதத்தில் இருந்தது. சேஷாசலம் இந்த இரண்டாவது வகை.

சேஷாசலத்தில் என்ன நடந்தது?

முதலில் பின்னணி. செம்மரம் இயற்கையாக வளர்வது சித்தூர், கடப்பா, நெல்லூர் வட்டாரத்து மலைகளை ஒட்டிய ஒரு சிறு பகுதியில்தான். சர்வதேசச் சந்தையில் விலை அதிகம். 1995 முதல் இதன் வணிகம் சர்வதேச ஒப்பந்தப்படி கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. விலை எவ்வளவு ஏறினாலும் மரம் வெட்டுகிறவருக்குக் கிடைப்பது கூலி மட்டும்தான். அந்தக் கூலிக்காக ஜவ்வாது மலை, சித்தேரி மலை, கல்வராயன் மலை ஊர்களிலிருந்து ஆட்களை ஏஜென்ட்டுகள் கூட்டிப்போவார்கள். இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2013 டிசம்பரில் இதே சேஷாசலத்தில் வனத்துறையினர் இருவர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு ஆந்திர அரசின் நடவடிக்கை கடுமையானது. செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படை வந்தது.

2015 ஏப்ரல் 7 அன்று இரண்டு இடங்களில் துப்பாக்கிச்சூடு. இறந்தவர்கள் திருவண்ணாமலை, வேலூர், தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். நடந்தது ஸ்ரீவாரி மெட்டு பாதையை ஒட்டிய காட்டுப் பகுதியில். நடந்து மலையேறும் பக்தர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம்தான்.

சிறப்புப் படை சொன்னது இது: ரோந்து போனபோது நூற்றுக்கும் மேற்பட்ட மரம்வெட்டிகள் கல்லாலும் ஆயுதங்களாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம்.

இறந்தவர்களின் குடும்பங்களும் மனித உரிமை அமைப்புகளும் சொன்னது: அவர்களில் பலரை முந்தைய நாளே பஸ்ஸிலிருந்தும் வழியிலும் பிடித்துக்கொண்டு போனார்கள். சண்டை எதுவும் நடக்கவில்லை.

கவனியுங்கள். யார் சுட்டது என்பதில் சர்ச்சையே இல்லை, சுட்டவர்களே சொல்லிவிட்டார்கள். மர்மம் எல்லாம் அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் இருக்கிறது. அந்த 20 பேரும் காட்டுக்குள் எப்படி வந்தார்கள்? தானாக நடந்து வந்தார்களா, கொண்டுவரப்பட்டார்களா?

பத்திரிகைகள் எதைக் கண்டுபிடித்தன?

இரண்டு விஷயங்கள். ஒன்று ஆட்கள், இன்னொன்று படங்கள்.

செய்தியாளர்கள் மலை ஊர்களுக்குப் போனபோது, அந்தப் பயணத்தில் கூடப் போய்த் தப்பி வந்தவர்கள் இருப்பது தெரிந்தது. ஒருவர் சொன்னது பலருக்கும் ஞாபகம் இருக்கலாம். பஸ்ஸில் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். இருவரும் கணவன் மனைவி என்று நினைத்துத் தன்னை விட்டுவிட்டதாகவும், கூட வந்தவர்களை மட்டும் இறக்கிக்கொண்டு போனதாகவும் சொன்னார். மதுரையைச் சேர்ந்த மக்கள் கண்காணிப்பகம் இந்தச் சாட்சிகளை டெல்லிக்கு அழைத்துப்போய் தேசிய மனித உரிமை ஆணையத்தில் வாக்குமூலம் கொடுக்க வைத்தது.

அடுத்தது படங்கள். உடல்களுக்குப் பக்கத்தில் செம்மரக் கட்டைகள் கிடக்கும் புகைப்படங்கள் வெளியாயின. அவற்றில் சில கட்டைகளில் பெயின்ட்டால் போட்ட குறிகள் இருப்பதை மனித உரிமை அமைப்புகள் சுட்டிக்காட்டின. பறிமுதல் செய்து கிடங்கில் வைத்த கட்டைகளுக்குத்தான் அப்படிக் குறி போடுவார்கள், அப்போதே வெட்டிய மரத்துக்கு அது எங்கிருந்து வரும் என்று கேட்டார்கள். ஒரு பத்திரிகைப் படத்தில் இருக்கும் பெயின்ட் குறி பத்து வருடம் கழித்தும் அப்படியே இருக்கும். ஒரு மனிதரின் ஞாபகம் அப்படி இருக்காது.

பழைய புகைப்படம் வழக்கைத் திருப்பிப் போடும் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜர் சிலையை 2008-இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. சிலை அந்தக் கோயிலில் இருந்தபோது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் எடுத்துவைத்த படங்களையும் கலைக்கூடத்தில் இருந்த சிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பத்திரிகைகள் அதை விடாமல் எழுதின. 2014 செப்டம்பரில் நடராஜர் திரும்பி வந்தார்.

சேஷாசலம் வழக்கு அப்புறம் என்ன ஆனது?

ஆரம்பம் வேகமாகத்தான் இருந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. நீதிமன்ற உத்தரவின்படி ஆறு உடல்களுக்குத் திருவண்ணாமலையில் மறு பிரேதப் பரிசோதனை நடந்தது. இறந்தவர் ஒருவரின் மனைவி கொடுத்த புகாரின் பேரில் சந்திரகிரி காவல் நிலையத்தில் கொலை வழக்குப் பதிவானது. அதற்கு முன்பே, சிறப்புப் படை கொடுத்த புகாரில் மரம்வெட்டிகள் மீது ஒரு வழக்கு இருந்தது. அதாவது ஒரே விடியற்காலை, ஒரே காவல் நிலையம், இரண்டு எஃப்.ஐ.ஆர். ஒன்றில் இறந்தவர்கள் குற்றவாளிகள், இன்னொன்றில் சுட்டவர்கள்.

2015 மே கடைசியில் ஆணையம் சி.பி.ஐ விசாரணைக்குப் பரிந்துரைத்தது, ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் தரச் சொன்னது. ஆந்திர அரசு ஹைதராபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. வழக்கை விசாரித்தது ஆந்திர அரசே அமைத்த சிறப்புப் புலனாய்வுக் குழு. தமிழ்நாடு அரசு குடும்பங்களுக்கு 3 லட்சம் ரூபாய் அறிவித்தது. பத்து ஆண்டுகள் தாண்டியும் அந்தத் துப்பாக்கிச்சூட்டுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

இடையில் இன்னொன்றும் நடந்தது. 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து தமிழர்களின் உடல்கள் மிதந்தன. அவர்கள் கல்வராயன் மலை வட்டாரத்துக்காரர்கள். முதல் வழக்குக்குப் பதில் வராத நிலையிலேயே அடுத்தது வந்துவிட்டது.

விலாசம் மாறிய வழக்கு

இங்கேதான் நம் நாவல் நாயகர் குழம்பிப்போவார். சம்பவம் எங்கே நடந்தது என்று கேட்டால், அன்றைய செய்திகளில் 'சித்தூர் மாவட்டம்' என்று இருக்கும். இன்று அந்த இடம் சித்தூர் மாவட்டத்தில் இல்லை. 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி ஆந்திராவில் புதிய மாவட்டங்கள் பிறந்தன. சந்திரகிரி மண்டலம் புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது.

உயர் நீதிமன்றமும் மாறியது. 2014 ஜூன் 2 அன்று மாநிலம் பிரிந்தாலும், ஆந்திராவுக்கும் தெலங்கானாவுக்கும் ஹைதராபாத்தில் ஒரே உயர் நீதிமன்றம்தான் இருந்தது. 2019 ஜனவரி 1 முதல் ஆந்திர உயர் நீதிமன்றம் அமராவதியில் தனியாக இயங்குகிறது.

சட்டப் புத்தகமும் மாறியது. 2024 ஜூலை 1 முதல் ஐ.பி.சி-க்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா, சி.ஆர்.பி.சி-க்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. 2015 குற்றத்துக்குப் பழைய ஐ.பி.சி பிரிவுகள்தான் பொருந்தும். ஆனால் புதிதாக மனு போடுகிறவர் இரண்டு எண்களையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக மொழி. சித்தூர், நகரி, புத்தூர் பக்கம் இன்னும் தமிழ் காதில் விழும். 1911-இல் வட ஆற்காடு மாவட்டத்தின் பகுதிகளையும் சேர்த்து உருவான மாவட்டம்தானே அது. ஆனால் அலுவல் மொழி தெலுங்கு. ஜவ்வாது மலையில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு வழக்கின் மாநிலம், மொழி, மாவட்டம், நீதிமன்றம் நான்குமே வெளியூர். வழக்கு மூடப்படவில்லைதான், ஆனால் அதைத் தேடிப் போகும் வழி வருடத்துக்கு வருடம் நீண்டுகொண்டே போனது.

காலம் கடந்தால் வழக்கு செத்துவிடுமா?

இல்லை. நிறையப் பேர் தவறாக நினைத்திருக்கும் விஷயம் இது. மூன்று ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான் கால வரம்பு. கொலைக்குக் கிடையாது. 30 வருடம் கழித்தும் வழக்குப் போடலாம்.

காவல் துறை 'ஒன்றும் இல்லை' என்று இறுதி அறிக்கை கொடுத்தாலும் கதை முடியாது. அதை ஏற்பதற்கு முன் புகார் கொடுத்தவரை மாஜிஸ்திரேட் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் பகவந்த் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. அவர் ஆட்சேப மனு போடலாம். புதிய ஆதாரம் வந்தால் மேல் விசாரணை நடத்தவும் சட்டத்தில் இடம் உண்டு. பழைய சட்டத்தில் 173(8), புதியதில் 193(9).

என்கவுன்ட்டர் வழக்குகளுக்குத் தனி நடைமுறையும் இருக்கிறது. சேஷாசலத்துக்கு ஆறு மாதம் முன்பு, 2014 செப்டம்பர் 23 அன்று, மகாராஷ்டிரா தொடர்பான பி.யு.சி.எல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 விதிமுறைகளை வகுத்தது. எஃப்.ஐ.ஆர் கட்டாயம். விசாரிப்பது சி.ஐ.டி அல்லது வேறு காவல் நிலையமாக இருக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும். பிரேதப் பரிசோதனையை இரண்டு மருத்துவர்கள் செய்ய வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும்.

சரி, இதெல்லாம் ஏட்டில் இருக்கிறது, நடந்திருக்கிறதா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது.

தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி. சித்தேரி மலையடிவாரம். சேஷாசலத்தில் இறந்தவர்களில் சிலரின் ஊர்களும் இதே சித்தேரி மலைப் பக்கம்தான். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கடத்தல் சோதனை என்று வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறையினர் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றுதான் முதலில் அரசுத் தரப்பு சொன்னது. 1995-இல் வழக்கு சி.பி.ஐ-க்குப் போனது. 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மலைவாழ் மக்கள் சங்கமும், மார்க்சிஸ்ட் கட்சியும், விடாமல் எழுதிய செய்தியாளர்களும், எல்லாவற்றுக்கும் மேலாக சாட்சி சொல்வதில் பின்வாங்காத அந்தப் பெண்களும் இல்லையென்றால் அந்த வழக்கு 1993-லேயே முடிந்திருக்கும்.

கேரளாவில் நக்சல் தலைவர் வர்கீஸ் 1970-இல் என்கவுன்ட்டரில் இறந்ததாகச் சொல்லப்பட்டது. மேலதிகாரி உத்தரவின்படி நான்தான் சுட்டேன் என்று ஒரு போலீஸ்காரர் 1998-இல் வெளியில் சொன்னார். வழக்கு சி.பி.ஐ-க்குப் போனது. 2010-இல், அதாவது 40 வருடம் கழித்து, ஓய்வுபெற்ற ஐ.ஜி ஒருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

அப்படியென்றால் எது சாகிறது?

சட்டப்படி வழக்கு சாகாது. ஆதாரம் செத்துவிடும். ஒவ்வொரு ஆதாரத்துக்கும் ஓர் ஆயுள் இருக்கிறது.

செல்போன் அழைப்புப் பதிவுகளை நிறுவனங்கள் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் 2015-இல் இருந்த விதி. 2021 டிசம்பரில்தான் அது இரண்டு ஆண்டானது. அதற்குள் யாராவது கேட்டு வாங்கி வைக்கவில்லை என்றால், யார் எந்த டவர் பக்கத்தில் இருந்தார் என்பதைப் பிறகு நிரூபிக்க முடியாது. கேமரா பதிவுகள் அதைவிடச் சீக்கிரம் அழியும். பஸ் டிக்கெட்டை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. சாட்சிகளுக்கு வயசாகும். பிழைப்புக்கு வேறு ஊர் போவார்கள், பயப்படுவார்கள், சமாதானம் ஆவார்கள்.

அழியாமல் இருக்க வாய்ப்புள்ளவை சில உண்டு. நீதிமன்ற ஆவணங்கள், ஆணையத்தில் கொடுத்த வாக்குமூலம், பிரேதப் பரிசோதனை அறிக்கை, அப்புறம் அன்றைய செய்தித்தாள். நாவல்களில் பத்திரிகை ஊழியர் ஜெயிப்பதற்குக் காரணம் அவருடைய மூளை மட்டுமில்லை. எல்லாம் அழிந்த பிறகும் மிஞ்சும் காகிதத்துக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த ஊழியர் நீங்களாக இருந்தால்?

பத்திரிகை அடையாள அட்டை இல்லாமலே இதில் பெரும்பகுதியை யாரும் செய்யலாம்.

முதலில் தேதிப் பட்டியல் போடுங்கள். சம்பவத்துக்கு முந்தைய நாள் தொடங்கி, வெளிவந்த ஒவ்வொரு செய்தியையும் தேதிப்படி அடுக்குங்கள். எந்தத் தேதிக்குப் பிறகு எந்தக் கேள்வி காணாமல் போனது என்று பாருங்கள். துப்பு அங்கேதான் இருக்கும்.

மாவட்டப் பதிப்பைத் தேடுங்கள். தெலுங்கு நாளிதழ்களில் ஒரு விசேஷம் உண்டு. 'ஈநாடு' 1989-இல் மாவட்டத்துக்கு ஒரு தனி இணைப்பு கொண்டுவந்தது, மற்றவர்களும் அதைப் பின்பற்றினார்கள். மண்டல அளவில் இருக்கும் பகுதிநேர நிருபர்கள் எழுதும் சின்னச் செய்திகள் அந்தப் பக்கங்களில்தான் வரும். ஹைதராபாத் பதிப்பில் கிடைக்காத விவரம் திருப்பதி பதிப்பின் உள்பக்கத்தில் நாலு வரியாக இருக்கலாம். தமிழில் வேலூர், தருமபுரி, சேலம் பதிப்புகளைப் பாருங்கள். சென்னை கன்னிமாரா நூலகம் சட்டப்படி செய்தித்தாள்களைப் பெற்றுப் பாதுகாக்கும் நூலகங்களில் ஒன்று. இணையத்தில் இல்லாதது அங்கே தாளாகக் கிடைக்கலாம்.

இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடுங்கள். எஃப்.ஐ.ஆர் எண்ணோ, கட்சிக்காரர் பெயரோ, 16 இலக்க சி.என்.ஆர் எண்ணோ இருந்தால் வழக்கின் அடுத்த தேதி வரை தெரியும். எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னது, சில நுட்பமான வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. 2015 வழக்கு அதற்கு முந்தையது என்பதால் அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஆர்.டி.ஐ போடுங்கள். நீங்கள் சென்னையில் இருந்துகொண்டே ஆந்திரக் காவல் துறைக்கு மனு போடலாம். இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. மனு ஆங்கிலத்திலோ இந்தியிலோ தெலுங்கிலோ இருக்க வேண்டும். பதில் வர 30 நாள். விசாரணை நடப்பதாகச் சொல்லி மறுத்தால், தகவல் கொடுப்பது விசாரணையை எப்படிப் பாதிக்கும் என்று அவர்கள் காட்ட வேண்டும். சட்டத்திலிருந்து விலக்கு பெற்ற அமைப்புகளிடமும், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு பற்றிய தகவலைத் தகவல் ஆணையத்தின் ஒப்புதலோடு பெற வழி இருக்கிறது. மனுவில் கதை எழுதாதீர்கள். 'இந்த எண் வழக்கின் இன்றைய நிலை என்ன, இறுதி அறிக்கை தாக்கல் ஆனதா, ஆனால் எந்தத் தேதியில், எந்த நீதிமன்றத்தில்' என்று தனித்தனியாகக் கேளுங்கள். மாவட்டம் என்ற இடத்தில் சித்தூர், திருப்பதி இரண்டையும் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார்.

மூன்று எச்சரிக்கைகள்

ஒன்று, பெயர் சொல்லாதீர்கள். கிரேஸ்மித் கதையை மறுபடி நினைத்துப் பாருங்கள். சந்தேகத்தைப் புத்தகமாகவே எழுதலாம், நிரூபிக்க முடியவில்லை என்றால் அது சந்தேகம்தான். சோஷியல் மீடியாவில் ஒரு போஸ்ட் போட்டு யாரையும் கொலைகாரர் என்று சொல்லிவிட முடியாது. அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும், உண்மையான வழக்கும் கெட்டுப்போகும்.

இரண்டு, குடும்பங்களைத் தொந்தரவு செய்யாதீர்கள். ஜவ்வாது மலையில் ஒரு வீட்டு வாசலில் போய் நின்று, 'அன்னைக்கு என்ன நடந்துச்சும்மா, கொஞ்சம் சொல்லுங்க' என்று கேட்பது உங்களுக்கு ஒரு நாள் வேலை. அந்த அம்மா அதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்? வாக்குமூலம் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் முதலில் அதைப் படியுங்கள். பார்க்கப் போவதாக இருந்தால், வழக்கு நடத்துபவர்கள் மூலமாகப் போங்கள்.

மூன்று, இறந்தவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்ற விவாதத்தில் சிக்காதீர்கள். 'அவங்க மரம் வெட்டத்தானே போனாங்க?' என்று யாராவது கேட்பார்கள். மரம் வெட்டுவதற்குச் சட்டத்தில் தண்டனை இருக்கிறது. அதைக் கொடுக்க வேண்டியது நீதிமன்றம். 20 பேர் எப்படி இறந்தார்கள் என்பது வேறு கேள்வி.

கடைசியில்?

துப்பறியும் நாவலில் கடைசி அத்தியாயத்தில் கொலைகாரன் பிடிபடுவான், நமக்கும் திருப்தியாக இருக்கும். நிஜத்தில் பத்திரிகை ஊழியர் ஒருவரால் அதிகபட்சம் செய்ய முடிந்தது வேறு. ஒரு கேள்வியை, அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டிய ஆள் வரும்வரை, அழியாமல் வைத்திருப்பது. வாச்சாத்திக்கு 19 வருடம் ஆனது. வர்கீஸ் வழக்குக்கு 40. மிசிசிப்பியில் 31.

சேஷாசலத்துக்கு இப்போதுதான் பத்து தாண்டியிருக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் இது பழைய வழக்கே இல்லை. பஸ்ஸில் வந்தவர்கள், இறக்கிவிட்டதைப் பார்த்ததாகச் சொன்னவர்கள், உடல்களைப் பரிசோதித்த மருத்துவர்கள், படம் எடுத்தவர்கள் எனப் பலரிடம் இன்னும் கேட்க முடியும். இன்னும் பத்து வருடம் போனால் முடியாது.

அடுத்த முறை திருப்பதி போகும்போது சந்திரகிரி வரும். அங்கே ஒரு காவல் நிலையம் இருக்கிறது. அதன் பதிவேட்டில் 2015 ஏப்ரல் மாதத்துப் பக்கங்களில் ஒரே விடியற்காலையைப் பற்றி இரண்டு எஃப்.ஐ.ஆர் இருக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது.